மீன் தீவனத்துல வைட்டமின்: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளும் எனக்குத் தெரிஞ்ச பதில்களும்

திருவாரூர் பக்கம் ஒரு கெண்டைக் குளமும் ரெண்டு தார்ப்பாய் தொட்டியும் வச்சிருக்கேன், பக்கத்து ஊர்க்காரங்க சில பேருக்கு தீவனமும் கலந்து குடுக்கறேன். வாட்ஸப்ல வர்ற வாய்ஸ் மெசேஜ்ல முக்காவாசி வைட்டமின் பத்தித்தான், அதுவும் ஒரே பதினேழு கேள்வி சுத்திச் சுத்தி வருது. அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே இங்க எழுதி வச்சிட்டேன். மேல இருந்து வரிசையா படிங்க, பின்னாடி வர்ற பதில்கள் முன்னாடி சொன்னத நம்பி நிக்குது.

எங்க தாத்தா தவிடும் புண்ணாக்கும் போட்டே மீன் வளத்தாரு, வைட்டமின்னு ஒண்ணு வாங்குனதே இல்ல. இப்ப மட்டும் எதுக்குண்ணே?

தாத்தா செஞ்சது சரிதான் தம்பி. அவரு குளத்துல மாட்டுச் சாணம் போட்டாரு, தண்ணி பச்சையா இருந்துச்சு, கட்லா மேல வர்ற நுண்ணுயிரத் தின்னுச்சு, மிர்கால் அடிச் சேத்துல கிடக்கறதப் பொறுக்கித் தின்னுச்சு. அந்தப் பச்சைத் தண்ணிக்குள்ளயே வைட்டமின் சி, பி வகை, ஏ-க்கு மூலமான சத்து எல்லாம் இருந்துச்சு. தவிடும் புண்ணாக்கும் வயித்த நிரப்புச்சு, மீதிய குளம் பாத்துக்கிச்சு.

இப்ப நம்ம வளக்கற முறை அது இல்லயே. தொட்டில தெளிஞ்ச தண்ணி, கூண்டுல நெருக்கமா மீன், ஏக்கருக்கு தாத்தா விட்டத விட பல மடங்கு குஞ்சு. அங்க மீனுக்கு நீங்க கையால போடறத தவிர வேற சாப்பாடே கிடையாது, அதுல இல்லாத சத்து அதுக்கு எங்கயும் கிடைக்காது.

அப்ப எனக்குத் தேவையா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லுங்க

ஒரே வார்த்தைல முடியாது, ஆனா ஒரே கேள்வில முடியும்: உங்க மீனுக்கு நீங்க போடறத தவிர வேற சாப்பாடு இருக்கா?

பச்சத்தண்ணி கெண்டைக் குளம், அளவா குஞ்சு விட்டிருக்கீங்கன்னா தனியா வைட்டமின் பவுடர் வாங்கற காசுல கூட ரெண்டு மூட்டை நல்ல புண்ணாக்கு வாங்கலாம். கூண்டு, சிமெண்ட் தொட்டி, சுத்திகரிச்சு சுத்தற தண்ணினா தீவனத்துல முழு வைட்டமினும் கண்டிப்பா இருக்கணும். பயோஃப்ளாக் (தொட்டித் தண்ணிலயே நுண்ணுயிர்த் திரள், அதாவது ஃப்ளாக், வளத்து மீன் தின்ன விடற முறை) ரெண்டுக்கும் நடுவுல, அந்த ஃப்ளாக்குலயே கொஞ்சம் சத்து இருக்கு, ஆனா ஒவ்வொரு தொட்டிக்கும் அது மாறும், அத நம்பி தீவனத்துல குறைக்காதீங்க.

1970கள்ல அமெரிக்காவுல கெளுத்தி வளத்தப்ப இது வெட்ட வெளிச்சமா தெரிஞ்சுச்சு. கூண்டுல அடைச்சு தீவனத்த மட்டும் நம்பி வளத்த மீனுக்கு முதுகெலும்பு வளஞ்சு உடைய ஆரம்பிச்சுது, திறந்த குளத்துல இருந்த மீனுக்கு அந்தத் தொல்லை இல்ல. வைட்டமின் சி குறைஞ்சதுதான் காரணம். குளத்து மீன் அத வேற எங்கயோ தின்னுக்கிச்சு, கூண்டு மீனுக்கு வழி இல்ல.

மொத்தம் எத்தன வைட்டமின் சார் மீனுக்கு வேணும்? எல்லாத்தயும் வாங்கணுமா?

பதினஞ்சு. கொழுப்புல கரையறது நாலு (ஏ, டி, இ, கே), தண்ணில கரையறது பதினொண்ணு (பி வகைகள், கோலின், இனோசிட்டால், சி எல்லாம் சேத்து). 1957ல ஜான் ஹால்வர்ங்கற அமெரிக்க விஞ்ஞானி சால்மன் குஞ்சுகளுக்கு சுத்திகரிச்ச பொருள்கள வச்சே ஒரு தீவனம் செஞ்சு, ஒவ்வொரு தொட்டிலயும் ஒரே ஒரு வைட்டமின மட்டும் எடுத்துட்டு என்ன ஆகுதுன்னு பாத்தாரு. இன்னிக்கு நம்ம மூட்டை மேல ஒட்டிருக்கற பட்டியலுக்கு அடித்தளம் அந்த வேலைதான்.

தனித்தனியா வாங்க வேண்டியதில்ல, பிரிமிக்ஸ்னு கலந்தே வருது. எல்லா மீனுக்கும் எல்லாமும் ஒரே அளவும் இல்ல. திலேப்பியா குடல்ல இருக்கற பாக்டீரியாவே பி12 செஞ்சு குடுத்துடும். ஒரு விஷயம் மட்டும் கவனிங்க, கோலின் குளோரைடு ஈரத்த உறிஞ்சி மத்த வைட்டமின கெடுக்கும், அதனால அத பிரிமிக்ஸோட சேத்து வைக்காம தீவனம் கலக்கற அன்னிக்கு தனியா சேக்கறதுதான் முறை.

எல்லாரும் வைட்டமின் சி சி-ன்னே சொல்றாங்களே, அதுல அப்படி என்ன இருக்கு?

மாடு, ஆடு, கோழி எல்லாம் தன் உடம்புலயே வைட்டமின் சி செஞ்சுக்கும். மனுஷனால முடியாது, நம்ம வளக்கற எலும்பு மீன்களாலயும் முடியாது, அத செய்யற கடைசி நொதி அதுக்கு இல்ல. சுறா, ஸ்டர்ஜன் மாதிரி சில பழைய வகைகளுக்குத்தான் அந்தத் திறமை இருக்கு.

சி இல்லன்னா எலும்பையும் தோலையும் கட்டிப் பிடிக்கற கொலாஜன் சரியா உருவாகாது. முதுகு வளையும், செவுள் மூடி குட்டையாகும், துடுப்போட அடில ரத்தக்கசிவு தெரியும், வலை பட்ட காயம் ஆறாது. இறால்னா ஓட்டுக்கு அடில, செவுள்ல எல்லாம் கறுப்பு கறுப்பா திட்டு விழுந்து சாகும். வைட்டமின் சி-லயே இன்னொரு தலைவலி, பதினஞ்சுலயும் சீக்கிரம் அழியறது இதுதான். சூடு, காத்து, ஈரம், தாமிரம், இரும்பு எதப் பாத்தாலும் போயிடும்.

கோழிக்குப் போடற வைட்டமின் பிரிமிக்ஸ் வீட்ல நிறைய கிடக்கு, அதையே மீனுக்கும் கலந்துக்கலாமா அண்ணே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பிச்சேன், ஏன்னா நான் பட்டது இது. ரெண்டாவது வருஷம் தொட்டித் திலேப்பியாவுக்கு தீவனம் நானே கலந்தேன், கடைல கேட்டப்ப "எல்லாத்துக்கும் ஒண்ணுதாங்க, தைரியமா போடுங்க"ன்னு கோழி பிரிமிக்ஸ் குடுத்தாங்க. மூணு மாசம் நல்லாத்தான் தின்னுச்சு. அப்புறம் வலை போட்டுப் பாத்தா பத்துல ரெண்டு மீனுக்கு முதுகு எஸ் மாதிரி. அந்த மீன எடைக்குக் கூட யாரும் எடுக்கல, கையில பிடிச்சப்ப அது வளஞ்ச இடம் விரல்ல தட்டுனது இன்னும் மறக்கல.

காரணம் மேல சொன்னதுதான். கோழி தானே சி செஞ்சுக்கும், அதனால கோழி பிரிமிக்ஸ்ல பெரும்பாலும் சி போடவே மாட்டாங்க. மாட்டுக்கு வர்ற தாது உப்புக் கலவையும் அப்படித்தான். லேபிள்ல அஸ்கார்பிக் ஆசிட்னோ வைட்டமின் சி-ன்னோ ஒரு வரி இருக்கான்னு தேடுங்க, இல்லன்னா அது மீனுக்கு முழுசா ஆகாது. ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா தூக்கிப் போட வேண்டாம், சி-ய தனியா சேத்துக்குங்க, மத்த வைட்டமின் அளவு மீனுக்குப் பொருந்துதான்னு மீன்வளப் படிப்பு படிச்ச ஒருத்தர்கிட்ட காட்டிடுங்க.

மெடிக்கல் ஷாப்ல வைட்டமின் சி மாத்திரை வாங்கி இடிச்சு மாவோட கலந்தா சீப்பா முடியுமே?

மாவோட கலந்து பெல்லட் (மெஷின்ல அழுத்தி எடுக்கற குச்சித் தீவனம்) போட்டா பாதிக்கு மேல அந்தச் சூட்டுலயே போயிடும்னு வச்சுக்குங்க, மிச்சம் இருக்கறது மூட்டைல வாரக்கணக்குல கரையும். மாத்திரைல இருக்கறதும் கடைல கிலோ கணக்குல விக்கற வெள்ளைப் பவுடரும் சாதா அஸ்கார்பிக் ஆசிட்தான், அதுக்குக் கவசம் கிடையாது.

தீவனத்துக்குன்னே பாஸ்பேட்டோட சேத்துக் கட்டுன வைட்டமின் சி வருது, அஸ்கார்பில் பாஸ்பேட்னு லேபிள்ல இருக்கும். அந்த பாஸ்பேட் கட்டு சூட்டையும் காத்தையும் தாங்கும், மீன் குடலுக்குப் போனதும் நொதி அத உடைச்சு வைட்டமின விடுவிக்கும். விலை கூட, ஆனா நீங்க வாங்குனது மீன் வாய்க்குப் போய்ச் சேரும். சாதா பவுடர் உதவற ஒரே இடம், ரெடியான தீவனத்து மேல தடவி அன்னிக்கே போட்டு முடிக்கறப்ப.

டன்னுக்கு எவ்ளோ போடணும்? கணக்கா சொல்லுங்க

அமெரிக்க தேசிய ஆராய்ச்சி கவுன்சில் 1993ல போட்ட மீன் சத்துத் தேவைப் பட்டியல்ல திலேப்பியாவுக்கு வைட்டமின் சி கிலோ தீவனத்துக்கு 50 மில்லிகிராம், கெளுத்திக்கு 25 முதல் 50. வைட்டமின் இ பாத்தீங்கன்னா திலேப்பியாவுக்கு 50, சாதா கெண்டைக்கு 100 மில்லிகிராம். இதெல்லாம் மீன் வாய்க்குள்ள போக வேண்டிய அளவு, நீங்க மிக்சர்ல கொட்ட வேண்டிய அளவு இல்ல, இந்த வித்தியாசத்த விட்டுட்டுத்தான் நிறைய பேரு கணக்குப் போடறாங்க.

இப்ப ஒரு டன் தீவனம். கிலோவுக்கு 50 மில்லிகிராம்னா டன்னுக்கு 50 கிராம் சுத்தமான வைட்டமின் சி. நீங்க வாங்குன பாஸ்பேட் பவுடர்ல 35 சதவீதம்தான் சி-ன்னு லேபிள் சொன்னா 50ஐ 0.35ஆல வகுங்க, 143 கிராம் பவுடர் வரும். அதுக்கு மேல தயாரிப்புலயும் மூட்டைலயும் போறதுக்கு கொஞ்சம் கூட்டிக்கணும். 143 கிராம் ஒரு டன்னுல சமமாப் பரவணும்ங்கறதுதான் உண்மையான கஷ்டம், நேரா மிக்சர்ல கொட்டாதீங்க, மொதல்ல ஒரு கிலோ தவிட்டுல கலந்து, அத பத்து கிலோவுல கலந்து, அப்புறம் மொத்தத்துல போடுங்க.

கம்பெனி மிதக்கும் தீவனம்தான் போடறேன், அதுக்கு மேல முட்டை வெள்ளைக்கருல வைட்டமின் கலந்து தடவறேன், சரியா?

நல்ல கம்பெனி தீவனத்துல வைட்டமின் ஏற்கனவே இருக்கு. புதுசா இருந்து, தேதிக்குள்ள இருந்தா தினமும் தடவ ஒண்ணும் அவசியம் இல்ல. வலை போட்டு மீன மாத்தறதுக்கு முன்னாடி பின்னாடி, நோய்ல இருந்து மீண்டு வர்றப்ப, மூட்டை பழசாப் போச்சுன்னு சந்தேகம் இருக்கறப்ப ஒரு வாரம் பத்து நாள் தடவலாம்.

முட்டை வெள்ளைக்கரு பத்தி ஒண்ணு சொல்லணும். பச்சை வெள்ளைக்கருல அவிடின்னு ஒரு புரதம் இருக்கு, அது பயோட்டின்ங்கற வைட்டமினப் பிடிச்சு வச்சுக்கும், மீனுக்கு விடாது. ஆராய்ச்சில மீனுக்கு பயோட்டின் குறைபாடு வர வைக்கறதுக்கே அவிடினத்தான் போடுவாங்க. எப்பவாவது ஒருநாள்னா பரவால்ல, மாசக்கணக்குல தினமும் வேண்டாம். ஆறுன அரிசிக்கஞ்சியோ கடைல விக்கற ஜெல் பைண்டரோ போதும். பவுடர கஞ்சில கரைச்சு, தீவனம் ஊறாத அளவு தெளிச்சுப் புரட்டி, நிழல்ல உலத்தி, மேல லேசா மீன் எண்ணெய் தடவி அன்னிக்கே போட்டுடுங்க. தாது உப்பையும் வைட்டமினையும் ஒரே வாளில கரைக்காதீங்க, அதுல இருக்கற தாமிர சல்பேட்டும் இரும்பும் வைட்டமின வாளிலயே தின்னுடும்.

இறால்காரங்களுக்கு எண்ணெய்ப் பூச்சு இன்னும் முக்கியம். மீன் சில நிமிஷத்துல விழுங்கிடும், இறால் கைல பிடிச்சுக் கொறிச்சுக் கொறிச்சுத் திங்கும், அதுக்குள்ள தண்ணில கரையற வைட்டமின் எல்லாம் கசிஞ்சு வெளிய போயிடும்.

ஸ்ட்ரெஸ் குறைய வைட்டமின் சி-ய குளத்துத் தண்ணிலயே கொட்டச் சொல்றாங்க, ஏக்கருக்கு ஒரு கிலோ. வேலை செய்யுமா?

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு ஏக்கர், அஞ்சடி ஆழம்னா கிட்டத்தட்ட 60 லட்சம் லிட்டர் தண்ணி. ஒரு கிலோ பவுடர் அதுல கரைஞ்சா லிட்டருக்கு 0.16 மில்லிகிராம். நன்னீர் மீன் தண்ணி குடிக்கறதே ரொம்பக் கம்மி, பிஎச் எட்டுக்கு மேல இருக்கற குளத்துல சாதா வைட்டமின் சி ரொம்ப நேரம் நிக்கவும் நிக்காது. அந்தக் காசு குளத்துல போச்சு, மீனுக்குப் போகல.

தண்ணில போட்டா உபயோகம் இருக்கற ஒரு இடம் இருக்கு: தொட்டில குளோரின் கலந்த முனிசிபாலிட்டி தண்ணி விட்டிருந்தா வைட்டமின் சி அந்தக் குளோரின முறிக்கும். அது வேதியியல் வேலை, சத்து வேலை இல்ல.

முருங்கைக்கீரை, நெல்லிக்காய், அசோலா எல்லாம் இருக்கே, இயற்கையா குடுத்தா பத்தாதா?

எனக்கும் ஆசைதான், வீட்டுக் கொல்லைலயே முருங்கை நிக்குது. பச்சைக் கீரைல சி நிறைய, காய வச்சுப் பொடி பண்ணும்போது அதுல பெரும்பகுதி போயிடும், பொடில மிச்சம் இருக்கறது ஏ-க்கு மூலமான பீட்டா கரோட்டினும் புரதமும். பீட்டா கரோட்டின மீன் ஓரளவு ஏ-வா மாத்திக்கும், அதனால பிரயோஜனம் இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா இலைல சாப்போனின், டானின் மாதிரி செரிமானத்தத் தடுக்கறதும் இருக்கு, அளவு கூடுனா வளர்ச்சி குறையும்.

அசோலாவும் கீரையும் குளத்துல இருக்கற புல்கெண்டைக்குப் பச்சையாவே போடுங்க, அதுக்கு அது சாப்பாடு. தொட்டி மீனுக்கு இதையே முழு வைட்டமினா நம்பாதீங்க, ஒவ்வொரு அறுவடைக்கும் சத்து மாறும், அளந்து போட முடியாது.

மீன் முதுகு வளஞ்சிருக்கு, போட்டோ அனுப்பிருக்கேன். வைட்டமின் சி குறைபாடுதானே?

போட்டோல சொல்ல முடியாது. முதுகு வளையறதுக்கு சி மட்டும் காரணம் இல்ல. பாஸ்பரஸ் குறைஞ்சாலும் வளையும், ஒரே தாய்மீன்லயே திரும்பத் திரும்பக் குஞ்சு எடுத்தா பிறவிலயே வரும், வயல்ல அடிச்ச பூச்சிமருந்து குளத்துல இறங்குனாலும் வரும், முட்டை பொரியற நேரத்துல சூடு கூடுனாலும் வரும்.

நான் கேக்கறது மூணு. குஞ்சு வாங்கி வந்தப்பவே வளஞ்சிருந்துச்சா, இல்ல வளர வளர வந்துச்சா? ஒண்ணு ரெண்டா, கூட்டத்துல நிறையவா? செவுள் மூடியும் குட்டையா, துடுப்படில சிவப்பா இருக்கா? வளர வளர, நிறைய மீன்ல, செவுளும் சேந்து கெட்டிருந்தா, தீவனத்த மட்டுமே நம்பி வளக்கற தொட்டியா இருந்தா, சி மேல சந்தேகப்படலாம். மத்தபடி ரெண்டு மீன ஐஸ்ல வச்சு நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கோ, தூத்துக்குடி, பொன்னேரி மீன்வளக் கல்லூரிக்கோ எடுத்துட்டுப் போங்க. வளஞ்ச முதுகு திரும்ப நிமிராது, இனிமே வளையாம இருக்கத்தான் சி உதவும்.

விரால், கொடுவாய்க்கு மத்தி மீன பச்சையா வெட்டிப் போடறேன். முழு மீனு, எல்லாச் சத்தும் இருக்குமே?

இங்கதான் மாட்டிக்குவீங்க. மத்தி, நெத்திலி வம்சத்து மீன்கள் பலதுலயும், கெண்டைலயும், சில சிப்பிலயும் தயமினேஸ்னு ஒரு நொதி இருக்கு, அது பி1 வைட்டமின உடைச்சிடும். மத்தில இருக்கற பி1 மட்டுமில்ல, கூட நீங்க சேக்கறதும் போயிடும். 1930கள்ல அமெரிக்காவுல ரோமத்துக்காக நரி வளத்த ஒரு பண்ணைல பச்சைக் கெண்டை போட்டு நரிகளுக்கு வாதம் வந்து செத்ததுலதான் இது மொதல்ல வெளிய வந்துச்சு. பால்டிக் கடல் சால்மன் குஞ்சுகள் கூட்டமா சாகறதுக்கும் பி1 குறைவுதான் காரணம்னு பின்னாடி கண்டுபிடிச்சாங்க.

மீன்ல அறிகுறி நரம்புல தெரியும்: நிலை தடுமாறி சாஞ்சு நீந்தும், தட்டுனா வலிப்பு வந்த மாதிரி துள்ளும், தீவனம் எடுக்காது. தீர்வு எளிசு, வேகவச்சுப் போடுங்க, சூட்டுல அந்த நொதி செத்துடும். வேகவைக்க வசதி இல்லன்னா ஒரே மீன நாள் முழுக்கப் போடாம வேற வகையும் பெல்லட்டும் மாத்தி மாத்திக் குடுங்க, பி1 கலந்த பெல்லட்ட மத்தியோட சேக்காம தனி வேளைல குடுங்க.

தவிடு கொஞ்சம் சிக்கு வாடை அடிக்குது, மீனுக்குத்தானேன்னு போட்டுட்டேன். ஆகுமா?

போடாதீங்க. எண்ணெய் எடுக்காத தவிடு அரைச்ச நாள்ல இருந்தே கெட ஆரம்பிக்கும், நம்ம டெல்டா ஈரத்துல இன்னும் வேகமா. கெட்ட எண்ணெய் வைட்டமின் இ-ய முழுங்கிடும், ஏ-யும் சி-யும் கூடப் போயிடும். ஜப்பான்ல கெண்டைக்குப் பட்டுப்புழுக் கூட்டுப்புழுவ தீவனமாப் போட்டாங்க, அதுல எண்ணெய் கெட்டுப் போய் மீனோட முதுகுச் சதை கரைஞ்சு கத்தி மாதிரி மெலிஞ்சுச்சு, செகோகே நோய்னு பேரு. வைட்டமின் இ குடுத்ததும் அது நின்னுச்சு. ஓசூர், தர்மபுரிப் பக்கம் கூட்டுப்புழு சல்லிசா கிடைக்குதுன்னு வாங்கறவங்க இத மனசுல வச்சுக்குங்க, எண்ணெய் எடுத்ததா, புதுசா பாத்து வாங்குங்க.

வாடை வந்த தவிட்டுக்கு வைட்டமின் இ கூடச் சேத்து சரிக்கட்டலாம்னு ஒருத்தர் கேட்டாரு, வேண்டாம். எண்ணெய் எடுத்த தவிடு வாங்குங்க, மூட்டைய தரைல வைக்காம கட்டை மேல, சுவர் ஒட்டாம அடுக்குங்க.

நல்லதுதானேன்னு டபுள் டோஸ் போட்டா என்ன ஆகும்?

சி, பி வகைனா மிச்சத்த மீன் வெளியேத்திடும், நஷ்டம் காசுதான். ஏ, டி அப்படி இல்ல, ஈரல்ல சேந்துக்கிட்டே போகும். ஏ ரொம்பக் கூடுனா வளர்ச்சி குறையும், துடுப்பு அரிக்கும், சாவும் வரும். அதனால சி குறையுதுன்னு பிரிமிக்ஸ டபுள் பண்ணாதீங்க, சி-ய மட்டும் கூட்டுங்க. அப்புறம் டி பத்தி கேக்கறவங்களுக்கு, மீன் நம்மள மாதிரி வெயில்ல டி செஞ்சுக்காது, பெரும்பாலும் தீவனத்துலயும் நுண்ணுயிர்லயும் இருந்துதான் எடுக்கும், ஆனா பிரிமிக்ஸ்ல இருக்கறதே போதும்.

வெள்ளைப்புள்ளி வந்த இறாலுக்கு வைட்டமின் போட்டா காப்பாத்தலாமா? கடைக்காரர் ஒரு பவுடர் குடுத்தாரு

வெள்ளைப்புள்ளி வைரஸ். வந்தப்புறம் வைட்டமின், மருந்து எதுவும் அத நிறுத்தாது. சத்து சரியா இருக்கற இறால் அழுத்தத்தக் கொஞ்சம் கூடத் தாங்கும், அவ்வளவுதான் சொல்ல முடியும். நோயத் தடுக்கறது பரிசோதிச்ச குஞ்சு, வடிகட்டுன தண்ணி, நண்டு வராம வேலி.

பேரில்லாத பவுடர் மேல எனக்கு உண்மையிலயே பயம் இருக்கு. அதுல தடை செஞ்ச ஆன்டிபயாட்டிக் கலந்திருந்தா ஏத்துமதி சோதனைல உங்க இறால் மாட்டும், கடைக்காரர் மாட்டமாட்டாரு. என்னென்ன மருந்து தடைனு கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் பட்டியல் போட்டிருக்கு. லேபிள் இல்லாதது எதுவா இருந்தாலும் குளத்துக்கு வேண்டாம்.

சினை மீனுக்கும் குஞ்சுக்கும் தனி அளவா?

ஆமா, கூட வேணும். தாய்மீன் வைட்டமின் சி-யையும் இ-யையும் முட்டைல சேத்து வைக்கும், குஞ்சு வாய் திறக்கற வரைக்கும் அதுதான் அதோட சொத்து. சினை பிடிக்கறதுக்கு ஒரு மாசம் ரெண்டு மாசம் முன்னாடியே சி, இ ரெண்டையும் கூட்டுங்க, முட்டை விட்டப்புறம் கூட்டி பிரயோஜனம் இல்ல. குஞ்சு வேகமா வளர்றதால கிலோ தீவனத்துக்கு அதோட தேவையும் பெரிய மீன விட அதிகம், குறைபாடும் அதுலதான் மொதல்ல தெரியும்.

பாக்கெட்ல எழுதுன வைட்டமின் உள்ள நிஜமாவே இருக்கான்னு நம்ம எப்படிண்ணே கண்டுபிடிக்கறது?

கண்ணால பாத்து முடியாது, லேப்ல குடுத்தாத்தான் தெரியும். பத்து டன்னுக்கு மேல தீவனம் எடுக்கறவங்க நாலு பேரா சேந்து ஒரு சாம்பிள் குடுத்துடலாம், செலவ பிரிச்சா பெருசா தெரியாது.

அது முடியாதவங்க நான் செய்யறத செய்யுங்க. தயாரிச்ச தேதி பாத்து மூணு மாசத்துக்குள்ள போட்டு முடிக்கற அளவுதான் வாங்கறேன். சி எந்த வடிவம்னு லேபிள்ல இருக்கணும், வெறும் "வைட்டமின் சி"ன்னு இருந்தா சாதா பவுடர்னே எடுத்துக்கறேன். கட்டி தட்டியிருந்தா, நிறம் மாறி பழுப்பா இருந்தா திருப்பிக் குடுத்துடறேன். அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ வலை போட்டு ஒரு இருவது மீன எடுத்து, தலைல இருந்து வால் வரைக்கும் முதுகு மேல கட்டைவிரல ஓட்டிப் பாக்கறேன். வளைவு கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே விரலுக்குத் தெரிஞ்சுடும்.